மூளைச் செல்லைப் பழுது பார்க்க முடியுமா? முதுமையைத் தள்ளிப்போட நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

என் அப்பாவுக்கு எழுபத்தோராவது வயதில் மறதி தொடங்கியது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். நான் மருத்துவன் இல்லை. நானே தவித்துத் தேடிய கேள்விகளும், பிறகு தெரிந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன.

செத்துப்போன மூளைச் செல்லுக்குப் பதிலாகப் புதியது முளைக்குமா?

பெரும்பாலும் முளைக்காது. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. குடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள் சில நாட்களில் மாறிவிடும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். நரம்புச் செல் அப்படி இல்லை. உங்களோடு பிறந்தது, உங்களோடுதான் போகும்.

இதைக் கண்டுபிடித்த விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. சோதனைகள் நின்றபின் அது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. செடி அந்தக் காற்றை வாங்கியது, செடியை நாம் தின்றோம். ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த வருடத்துக் கார்பன் அளவு அப்படியே பதிந்துவிடும், பிறந்த தேதியை முத்திரை குத்தியதுபோல. சுவீடனைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசேன் குழு, இறந்தவர்களின் மூளைச் செல்களில் இந்த முத்திரையைப் படித்தது. மூளையின் மேலுறையில் இருக்கும் நரம்புச் செல்களின் வயதும் அந்த மனிதரின் வயதும் ஒன்றாக இருந்தன. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் மட்டும், மூளையின் இடது, வலது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நாளைக்குச் சுமார் 700 புதிய செல்கள் சேர்வதாக 2013இல் அவர்கள் கணக்கிட்டார்கள்.

அப்படியென்றால் கொஞ்சமாவது முளைக்கிறதுதானே?

அதில்தான் நூறு வருடத்துக்கும் மேலாகச் சண்டை. நரம்புச் செல்லின் வடிவத்தைத் தெளிவாக வரைந்து காட்டி 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரமோன் இ கஹால், வளர்ந்தவரின் மூளையில் எதுவும் புதிதாக முளைக்காது என்று எழுதிவைத்தார். 1960களில் ஜோசப் ஆல்ட்மன் எலி மூளையில் புதிய செல்களைப் பார்த்ததாகச் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1998இல் மனித மூளையிலேயே ஆதாரம் கிடைத்தது. புற்றுநோயாளிகள் சிலருக்கு, கட்டியின் வளர்ச்சியைக் கணிக்க, பிரியும் செல்களில் ஒட்டிக்கொள்ளும் ஒரு அடையாளப் பொருளை ஏற்றியிருந்தார்கள். அவர்கள் இறந்தபின் ஹிப்போகாம்பஸில் அந்த அடையாளத்தோடு நரம்புச் செல்கள் இருந்தன.

சரி, முடிந்தது என்று பார்த்தால், 2018இல் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் வந்தன. பெரியவர்களிடம் புதிய செல் ஒன்றுகூடத் தென்படவில்லை என்றது ஒன்று. எழுபது வயதிலும் முளைக்கிறது என்றது மற்றொன்று. இறந்தபின் எத்தனை மணி நேரத்தில் மூளையைப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறலாம். கொஞ்சம் முளைக்கிறது என்பதுதான் என் எண்ணம். ஆனால் 8,600 கோடிக்கு முன்னால் 700 எம்மாத்திரம்? அதை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். இருக்கிற செல்லைக் காப்பாற்றுவதுதான் வழி.

பிறகு பழுது பார்ப்பது என்று எதைச் சொல்கிறீர்கள்?

செல்லுக்குள்ளேயே நாள் முழுக்க நடக்கும் வேலையை. உடலில் ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.வும் தினமும் பல்லாயிரம் இடங்களில் சேதமாகிறது. வெயில், புகை எதுவும் வேண்டாம், செல்லுக்குள் இருக்கும் நீரும் ஆக்சிஜனுமே போதும். டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளில் சேதமானதை வெட்டி எடுத்துவிட்டுச் சரியானதை வைத்துத் தைக்கும் நொதிகள் நமக்குள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த டோமஸ் லிண்டால் 2015இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்தது குப்பை அள்ளுதல். பழுதான புரதத்தையும், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கெட்டுப்போனதையும் ஒரு பைக்குள் போட்டுச் சுருட்டி, கரைத்து, உதிரிபாகங்களைத் திரும்பப் பயன்படுத்துகிறது செல். தன்னுண்ணல் என்று இதற்குப் பெயர். ஈஸ்டில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மற்ற செல்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டாகப் பிரியும்போது குப்பையும் பாதிப் பாதியாகிவிடும். நரம்புச் செல் பிரியாது. எழுபது வருடக் குப்பையையும் அதே அறைக்குள் வைத்துக்கொண்டு, அதையும் சுத்தம் செய்துகொண்டு, வேலையும் பார்க்க வேண்டும். வயதானால் இந்தத் துப்புரவு மந்தமாகிறது. அல்சைமர், பார்க்கின்சன் இரண்டிலும் செல்லுக்குள்ளோ வெளியிலோ புரதக் கசடு சேர்வது தற்செயல் இல்லை.

வயதானால் தினமும் லட்சக்கணக்கான மூளைச் செல்கள் சாகுமாமே?

பழைய நம்பிக்கை. பயப்படும் அளவுக்கு இல்லை. நோயில்லாத மூளைகளை எண்ணிப் பார்த்த டென்மார்க் ஆய்வில், இருபதிலிருந்து தொண்ணூறு வயதுக்குள் மேலுறைச் செல்களில் சுமார் 10 சதவீதம்தான் குறைந்திருந்தது. இயல்பான முதுமையில் நிறைய இழப்பது கிளைகளையும் இணைப்புகளையும். அவை மறுபடி வளரக்கூடியவை.

கையில் அறுந்த நரம்பு வளர்கிறது, முதுகுத்தண்டில் ஏன் வளர்வதில்லை?

கை கால்களில் அறுந்த நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். அங்கே இருக்கும் துணைச் செல்கள் சிதைவை விரைவாக அப்புறப்படுத்தி, புது இழைக்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் அந்தத் துணை இல்லை. நரம்பு உறையில் இருக்கும் சில புரதங்கள் "வளராதே" என்று தடுக்கின்றன, காயத்தைச் சுற்றித் தழும்பும் கட்டிக்கொள்கிறது. வளரும் திறன் செல்லிடம் முழுதாகச் செத்துவிடவில்லை என்பதால், இந்தத் தடைகளை நீக்கும் ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கிறது.

பக்கவாதம் வந்தவருக்குக் கை மறுபடி வேலை செய்கிறதே, அது எப்படி?

செத்த செல் திரும்பி வரவில்லை. பக்கத்துச் செல்கள் புதிய இணைப்பு போட்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டன. முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும், பிறகு மெதுவாக. அதனால் பிசியோதெரபியை "கொஞ்சம் தேறட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து மனதில் வையுங்கள். பெரிய ரத்தக்குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன. வாய் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லையென்றால், பேச்சு குழறினால், தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இந்தப் பக்கத்தில் சொல்லும் மற்ற எல்லா வழிகளும் வருடக்கணக்கில் காப்பாற்றும் செல்களை இந்த ஒரு தாமதம் தின்றுவிடும்.

மூளைக்கு ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வீர்கள்?

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பேன். பெரும்பாலோர் மூளை என்றதும் மாத்திரை, புதிர், தியானம் என்று போகிறார்கள். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி போகும் வழி முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். வருடக்கணக்காக உள்ளே அழுத்தம் மோதினால் அவை தடித்து, விறைத்து, அங்கங்கே அடைத்துப்போகும். பழுது பார்க்கும் நொதிக்கும் சக்தி வேண்டுமே, அது வருவதற்கே வழியில்லாமல் போகும்.

அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைவு வரும் வாய்ப்பு 19 சதவீதம் குறைந்தது. முழு மறதி நோயும் அவர்களிடம் குறைவாகவே தெரிந்தது, ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. எல்லோருக்கும் 120 சரிவராது. எழுந்து நின்றால் தலைசுற்றி விழும் முதியவருக்கு அது ஆபத்து. இலக்கு எது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் கேளுங்கள். "எனக்கு பிரஷர் எல்லாம் இல்லை" என்று பல வருடமாக அளந்தே பார்க்காதவர்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறார்கள்.

நடந்தால் மூளை வளருமா?

2011இல் வந்த ஓர் ஆய்வில் 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வரை வேகமாக நடந்தது. இன்னொரு குழு உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து ஸ்கேனில் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் போலச் சுருங்கியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு மாற்றத்தைக் காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உடற்பயிற்சி ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை என்று நான்கு பக்கமிருந்தும் மூளைக்கு உதவுகிறது. ஹிப்போகாம்பஸ் வளராவிட்டாலும் நான் நடப்பேன்.

தூக்கத்தில் மூளை கழுவப்படுகிறது என்பது உண்மையா?

2012இலும் 2013இலும் மைக்கென் நெடர்கார்ட் குழு எலிகளில் காட்டியது இது. மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் ரத்தக்குழாய்களை ஒட்டி உள்ளே புகுந்து கழிவை அலசிக்கொண்டு போகிறது, தூங்கும்போது செல்களுக்கு இடையிலான இடம் விரிவதால் அலசல் அதிகமாகிறது என்றார்கள். 2024இல் இன்னொரு குழு, எலிகள் தூங்கும்போது கழிவு வெளியேறுவது குறைகிறது என்று நேரெதிராகச் சொன்னது. விவாதம் முடியவில்லை.

தூக்கம் குறைந்தால் மூளைக்குக் கெடுதல் என்பதற்கு இந்த விவாதம் தேவையில்லை. பிரிட்டனில் ஏறத்தாழ எட்டாயிரம் பேரை 25 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பதிலிருந்து எழுபது வயது வரை ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிவந்தவர்களுக்கு மறதி நோய் சுமார் 30 சதவீதம் அதிகமாக வந்தது. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்கள், அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

குறுக்கெழுத்து, மூளை விளையாட்டுச் செயலிகள் உதவுமா?

அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அதைத் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கஷ்டமான, புதிய, வருடக்கணக்கில் நீளும் கல்வி வேறு. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வாங்குகிறவர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயர் அப்படிப் பயிற்சி எடுத்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்தார். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருந்தது. புதிய மொழியோ இசைக்கருவியோ கற்றுக்கொள்ளுங்கள், திணறினாலும் பரவாயில்லை.

காது கேட்பதற்கும் மறதிக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோய்களில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அந்தப் பதினான்கில் காது கேளாமை முன்வரிசையில் இருக்கிறது. கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், மூளைக்கு வரும் வேலை குறைகிறது. கேட்கும் கருவி பற்றி 2023இல் வந்த ஒரு சோதனையில் எல்லோருக்கும் பலன் தெரியவில்லை. ஏற்கனவே இதயநோய், சர்க்கரை போன்ற அபாயங்கள் அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் மூன்று வருடத்தில் அறிவுத்திறன் சரிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

மூளைக்கான சப்ளிமெண்ட் மாத்திரைகள்?

ஒன்றரை வருடம் விழுங்கினேன். அப்பாவைப் பார்த்த பயத்தில் வாங்கியவை. அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன், உங்களுக்கும் அது இருந்தால் வெட்கப்பட வேண்டாம். ஆனால் ஆதாரத்தைப் பாருங்கள். ஜிங்கோ இலைச் சாற்றை 75 வயதைத் தாண்டிய மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஆறு வருடம்போலக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது, மறதி நோய் குறையவே இல்லை. இப்போது பேசப்படும் என்.எம்.என். என்ற மாத்திரை, செல்லின் சக்தி உற்பத்திக்குத் தேவையான என்.ஏ.டி. என்ற பொருளின் அளவை ரத்தத்தில் கூட்டுகிறது, அது உண்மைதான். அதனால் மனிதர் அதிக நாள் வாழ்ந்தார், மூளை இளமையானது என்பதற்கு ஆதாரம் இல்லை. உடலில் குறையிருந்தால் மட்டும் பி12, டி போன்றவை மருந்து. அதற்கு முதலில் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

ராபமைசின் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா?

எலிக்குக் கூடியது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த மருந்து இது. அந்தத் தீவின் சொந்தப் பெயரான ராபா நூயியிலிருந்தே மருந்துக்கும் பெயர் வந்தது. 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது மனிதக் கணக்கில் அறுபதுக்கு அருகில் இருக்கும் எலிகளுக்குக் கொடுத்தபோதும் ஆயுள் நீண்டது என்று 2009இல் வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது. மேலே சொன்ன தன்னுண்ணலை இது தூண்டிவிடுகிறது. ஆனால் மனிதருக்கு இது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுப்பது. வாய்ப்புண், தொற்று, கொழுப்பு கூடுதல் எல்லாம் வரலாம். ஆரோக்கியமாக இருப்பவர் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டிய பொருள் இல்லை.

இளைஞர் ரத்தம் ஏற்றினால்?

வேண்டாம். கிழட்டு எலிக்குக் குட்டி எலியின் ரத்தம் பாய்ந்தபோது சில மாற்றங்கள் தெரிந்தது உண்மை. மனிதருக்கு விற்கப்படும் இளம் பிளாஸ்மாவுக்கு நிரூபிக்கப்பட்ட பலன் இல்லை, ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. இந்த ஆசை பழையது. ரஷ்யாவின் அலெக்சாண்டர் போக்தானோவ் இளமைக்காகத் தானே பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு, 1928இல் ஒரு மாணவரோடு ரத்தத்தை மாற்றிக்கொண்டபின் இறந்துபோனார்.

உயிரியல் வயது காட்டும் சோதனையை எடுக்கலாமா?

ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. 2013இல் ஸ்டீவ் ஹார்வத், டி.என்.ஏ.மீது ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளை வைத்து வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். இப்படிப்பட்ட முறைகளைக் கடிகாரம் என்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிடும்போது அது பயன்படுகிறது. ஒருவருக்கு என்று வரும்போது தடுமாறுகிறது. ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை ஓட்டினாலே சில கடிகாரங்களில் சில வருட வித்தியாசம் வரும். "மூன்று வயது குறைந்துவிட்டேன்" என்று மகிழ்ந்தவரைப் பார்த்திருக்கிறேன். அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

ஸ்டெம் செல் சிகிச்சை வந்துவிட்டதா?

இரண்டைப் பிரித்துப் பாருங்கள். 2006இல் ஷின்யா யமனாகா, வளர்ந்த செல்லை நான்கு மரபணுக்களின் உதவியால் கருநிலைக்கு, அதாவது எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாகத் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல். அப்படிப்பட்ட செல்லிலிருந்து, பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை வளர்த்து, ஜப்பானில் பார்க்கின்சன் நோயாளிகள் ஏழு பேரின் மூளையில் வைத்தார்கள். அந்தச் செல்கள் பிழைத்தன, டோபமைன் சுரந்தன, புற்றுக்கட்டி வரவில்லை என்று 2025இல் அறிவித்தார்கள். எனக்குக் கண் கலங்கிய செய்தி அது. மூளைக்குள் புதிய செல்லை நட்டு உயிரோடு வைக்க முடிகிறது! ஆனால் ஏழு பேர், ஒரு நோய், பொறுக்கியெடுத்த ஒரு வகைச் செல்.

விளம்பரத்தில் வரும் "ஸ்டெம் செல் ஊசி" இதுவல்ல. கொழுப்பிலிருந்து எதையோ எடுத்துக் கையில் குத்தினால் அது மூளைக்குப் போய் நரம்பாக மாறாது.

அல்சைமருக்குப் புது மருந்து வந்திருக்கிறதே, அது செல்லைச் சரிசெய்யுமா?

சரிசெய்யாது. லெகானிமாப், அமிலாய்டு என்ற கசட்டை அகற்றுகிறது. ஆரம்ப நிலை நோயாளிகளிடம் 18 மாதத்தில் சரிவை 27 சதவீதம் மந்தமாக்கியது. சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரும், அடிக்கடி ஸ்கேன் தேவை. போனது திரும்புவதில்லை.

வீட்டில் ஒருவருக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். அப்பா ஒருநாள் சாயங்காலம் வாசல் பூட்டுக்கு முன்னால் சாவிக்கொத்தோடு நின்றார். நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு திறந்த பூட்டு. ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். சரியான சாவி இரண்டு முறை கையில் வந்து போனது. என்னைப் பார்த்ததும் "பூட்டு இறுகிப்போச்சு" என்றார். அது அல்சைமர்தான் என்று நாங்களே முடிவுகட்டி அழுதோம்.

மூன்று வாரம் கழித்துத்தான் ரத்தம் சோதித்தோம். பி12 மிகவும் குறைந்திருந்தது, பிரஷரும் ஏறிக்கிடந்தது. ஊசி தொடங்கி ஏறக்குறைய நான்காவது மாதம், அதே பூட்டை என்னிடம் பேசிக்கொண்டே திறந்தார். எல்லாம் திரும்பவில்லை. சில பெயர்கள் போனது போனதுதான். ஆனால் பூட்டு திரும்பியது.

பி12, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, அலர்ஜிக்குத் தரும் சில மாத்திரைகள், தலையில் அடிபட்டபின் மெல்லக் கசியும் ரத்தம், மூளையில் நீர் தேங்குதல் இவையெல்லாம் மறதிபோல வேடம் போடும். கண்டுபிடித்தால் பலவற்றைச் சரிசெய்யலாம். முதலில் இவற்றைத் தேடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

அறுபதுக்கு மேல் தொடங்கினால் பயன் உண்டா?

உண்டு. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை வைத்து இரண்டு வருடம் ஃபிங்கர் ஆய்வை நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம், சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். 2015இல் முடிவு வந்தபோது முதல் குழு சிந்தனைச் சோதனைகளில் முந்தியிருந்தது. 2025இல் அமெரிக்காவிலும் இதே பாணியில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நல்ல முடிவு வந்தது.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

காலையில் எழுந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு பிரஷர் அளந்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் மூச்சு வாங்கும் அளவுக்கு நடை, இரண்டு நாள் எடை தூக்குதல். பத்தரைக்கு விளக்கணைத்துவிடுவேன். வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, பி12, காது, கண். ஐம்பத்திரண்டு வயதில் வயலின் கற்க ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் வில்லை நேராக இழுக்க வரவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கும் கருவியைக் கழற்றாமல் கேட்கிறார்.